மஞ்சள் தெரியாத காமாலை

எனக்குப் பதினான்கு வயதில் காமாலை வந்தது. முதலில் நான்கு நாள் காய்ச்சல். சோற்றைப் பார்த்தாலே குமட்டியது; அடுக்களையில் தாளிக்கும் வாசனை எழுந்தால் வாசலுக்கு ஓடுவேன். ஐந்தாம் நாள் காலையில் அப்பத்தா ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்துவரச் சொன்னார். அதில் ஒரு பிடி வெந்த சோற்றைப் போட்டு மூடிவைத்தார். பொழுது சாய்ந்ததும் அந்தச் சோற்றை நல்ல தண்ணீரில் அலசினார். எத்தனை முறை அலசியும் மஞ்சள் போகவில்லை. "காமாலைதான்" என்று சொல்லிவிட்டு வரப்புக்குப் போய்க் கீழாநெல்லி பிடுங்கி வந்தார். வேரோடு அரைத்து மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் ஒரு வாரம் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம். மூன்றாவது வாரம் நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

அப்பத்தாவின் சோற்றுச் சோதனையில் பொருள் இருக்கிறது. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்பிவிடுகிறது. கல்லீரல் அழற்சியுற்று வீங்கினால் அந்த வழி அடைபட்டு, பிலிருபின் இரத்தத்துக்கே திரும்புகிறது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறது, சிறுநீர் கடுகெண்ணெய் நிறத்தில் இறங்குகிறது, சோற்றில் ஒட்டிக்கொள்கிறது. ஆய்வகத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பார்ப்பதும் இதே பொருளைத்தான். அப்பத்தா நோய்க்குறியைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். ஆனால் எது என்னைக் குணப்படுத்தியது என்பதில் அவரும் தவறினார். நெடுநாள் நானும் தவறினேன்.

எனக்கு வந்தது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ என்ற வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி. அது தானாக வந்து தானாகப் போகும் நோய். கீழாநெல்லி கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்று, நான்கு வாரங்களில் நான் எழுந்து நடமாடியிருப்பேன். நூறு வீடுகளில் இப்படி நடக்கும்போது நூறு வீடுகளும் இலைக்கு நன்றி சொல்கின்றன. "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து இல்லை" என்ற நம்பிக்கை இப்படித்தான் வேர்பிடித்தது.

இதில் எனக்கு அச்சமூட்டுவது வேறொன்று. கண்ணை மஞ்சளாக்கும் வைரஸ்கள் பெரும்பாலும் உடலைவிட்டுப் போய்விடுகின்றன. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே தங்கி ஈரலைச் சுருக்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும் வைரஸ்கள் பெரும்பாலும் கண்ணை மஞ்சளாக்குவதே இல்லை. நாமோ மஞ்சளை மட்டுமே நோயாகப் பார்க்கப் பழகியிருக்கிறோம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். உண்மையில் காமாலைக்காரருக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை. மஞ்சளைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்கள் அவரைச் சுற்றி நிற்கும் நாம்தான்.

கல்லீரலைத் தாக்குவதையே தொழிலாகக் கொண்ட வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, இ. ஏயும் இயும் வாய்வழியே வருபவை. மலம் கலந்த தண்ணீரும் உணவும் அவற்றின் வாகனம். பி, சி, டி மூன்றும் இரத்தத்தின் வழியே வருபவை. பி உடலுறவின் மூலமும் பரவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும். டி தனித்து வாழாது, பி இருக்கும் உடலில் மட்டுமே பெருகும். ஒரே எழுத்து வரிசையில் நிற்பதால் இவை உடன்பிறப்புகள் என்று எண்ணிவிட வேண்டாம். ஐந்தும் வெவ்வேறு குடும்பங்கள். எலிக்காய்ச்சல், பித்தப்பைக் கல், குடி, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் கண் மஞ்சளாகலாம். பிறந்த குழந்தைக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் வரும் மஞ்சளுக்கும் இந்த வைரஸ்களுக்கும் தொடர்பில்லை. ஆக, காமாலை என்பது நோயின் பெயரல்ல, ஓர் அறிகுறியின் பெயர்.

கீழாநெல்லியைப் பற்றி நம்மவர்கள் சொல்லாத ஒரு கதை உண்டு. அதற்குச் சென்னையில்தான் நியாயமான சோதனை நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுநாளாகச் சுமந்துகொண்டிருப்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிக் குளிகையும் 30 நாள் கொடுத்தார்கள். 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. இலை சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒருவர் பரூக் புளூம்பெர்க், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர். நம் வரப்பில் முளைக்கும் செடியை உலகம் நிமிர்ந்து பார்த்த நேரம் அது.

ஆனால் அறிவியலில் ஒரு முறை கிடைத்த விடை போதாது. தாய்லாந்தில் செய்துபார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்துபார்த்தார்கள். அந்த விளைவு கிடைக்கவில்லை. பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்டவர்கள், பயன் உண்டு என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றார்கள். இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி ஏதுமில்லை. அந்தச் சோதனையைச் செய்யத் துணிந்தவர்களை நான் மதிக்கிறேன். இலை வேலை செய்கிறதா என்று கேட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். கேட்காமலே கொடுப்பவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

கீழாநெல்லி மோர் ஒரு வாரம் குடிப்பதால் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் காமாலைக்காரரைப் பஸ்ஸில் ஏற்றி, மருந்து கொடுக்கும் ஊருக்குக் கூட்டிப்போய், முழங்கையில் சூடுபோட்டு, மூக்கில் சாறு பிழிந்து, என்ன கலந்தது என்று தெரியாத உருண்டையைக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொல்வதில் கேடு உண்டு. நூற்றில் ஒருவருக்கு ஈரல் திடீரென்று செயலிழக்கலாம். அதற்கு அடையாளங்கள் உண்டு: பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பது, பேச்சுத் தடுமாறுவது, ஆள் அடையாளம் குழம்புவது, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிவது, வாந்தி நிற்காமல் தொடர்வது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பகற்பொழுதுகூடப் பெரிய இழப்பு. பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடுவதும் தவறு. வீங்கிய ஈரலுக்குத் தெம்பு வேண்டும். இட்லி, கஞ்சி, பருப்பு, முட்டை, பழம் என எது இறங்குகிறதோ அதைக் கொடுக்கலாம். மது கூடவே கூடாது. வலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்கவும் கூடாது.

இனி தண்ணீருக்கு வருவோம். இதில் டில்லியில் 1955இல் நடந்ததைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த ஆண்டு யமுனையில் பெருவெள்ளம். வெள்ளம் வடிந்தபோது ஆற்றின் போக்கு விலகிவிட்டது. நஜஃப்கர் வடிகால் சுமந்துவந்த நகரத்துச் சாக்கடை பின்னோக்கி ஏறி, வஜீராபாத்தில் குடிநீருக்காக ஆற்றை உறிஞ்சும் இடத்தை எட்டியது. நீரேற்று நிலையத்தில் இருந்தவர்கள் ஆபத்தை உணராமல் இல்லை. குளோரினைக் கூட்டினார்கள். அதற்குப் பலனும் இருந்தது: டைபாய்டு பெருகவில்லை, வயிற்றுக்கடுப்பு பெருகவில்லை. பாக்டீரியாக்கள் செத்துப்போயின. நகரம் தப்பிவிட்டது என்றே தோன்றியது. சில வாரங்கள் கழித்து, டிசம்பரிலும் ஜனவரியிலும் கண் மஞ்சளானவர்கள் வரத் தொடங்கினார்கள். கணக்கெடுத்தபோது 29,000க்கும் மேல். நோய் கண்ட கருவுற்ற பெண்களிடம் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. கலங்கிய அழுக்குத் தண்ணீரில் குளோரின் தன் வலிமையை அழுக்கின்மீதே செலவிட்டுவிடுகிறது. வைரஸ் அதற்குள் ஒளிந்து தப்பிவிடுகிறது.

கால் நூற்றாண்டுக் காலம் அது ஹெபடைடிஸ் ஏ என்றே நம்பப்பட்டது. சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளை 1980இல் சோதித்தபோது ஏயும் இல்லை, பியும் இல்லை என்று தெரிந்தது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் 1978இல் பரவிய காமாலையை ஆராய்ந்த மருத்துவர் முகம்மது சுல்தான் குரூவும் இது புதிய வைரஸ் என்றே சொன்னார். 1983இல் ரஷ்ய அறிஞர் மிகாயில் பலயான், ஆப்கானிஸ்தானில் காமாலை கண்ட படைவீரர்களின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே குடித்தார். சில வாரங்களில் அவருக்குக் காமாலை வந்தது. தன் மலத்தையே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து வைரஸைப் பார்த்தார். அதைத்தான் இன்று ஹெபடைடிஸ் இ என்கிறோம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்த வைரஸ் தொற்றினால் நான்கைந்து பெண்களில் ஒருவர் இறக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

டில்லி கதையில் காலக் கணக்கையும் கவனிக்க வேண்டும். இ வைரஸ் உடலுக்குள் போனபின் நோய் வெளிப்பட ஐந்தாறு வாரம் ஆகும். ஏ வைரஸுக்கு நான்கு வாரம். தெருவில் பத்துப் பேருக்குக் காமாலை என்று கேள்விப்பட்டு அதிகாரிகள் வந்து குழாய்த் தண்ணீரைச் சோதிக்கும்போது, சாக்கடை கலந்த நாள் எப்போதோ கடந்து போயிருக்கும். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை வரும். அது பொய்யல்ல, ஆனால் ஒரு மாதம் தாமதமானது. அதுமட்டுமன்று. ஏ வைரஸைச் சுமப்பவர் கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் அதை மிக அதிகமாக வெளியேற்றுகிறார். மஞ்சளைக் கண்டதும் தட்டைத் தனியே எடுத்துவைக்கிறோம். அவர் பரப்ப வேண்டியதைப் பெரும்பாலும் பரப்பி முடித்திருப்பார். எனவே கழிப்பறைக்குப் போய்வந்தபின்னும், சமைப்பதற்கு முன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவுவது எல்லா நாளும் இருக்க வேண்டிய பழக்கம். நோயாளி வீட்டில் இருக்கும்போது மட்டும் செய்வதற்கானது அல்ல.

நம் ஊர்களில் குழாய்த் தண்ணீர் இருபத்து நான்கு மணி நேரமும் வருவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், சில ஊர்களில் வாரத்துக்கு ஒருநாள். குழாயில் நீர் ஓடும்போது உள்ளழுத்தம் இருக்கும். விரிசலில் தண்ணீர் வெளியே கசியும். நீர் நின்றதும் அழுத்தம் போய்விடுகிறது. பக்கத்தில் ஓடும் சாக்கடை அதே விரிசல் வழியே உள்ளே இறங்குகிறது. வீடுகளில் குழாயோடு மோட்டாரை இணைத்து உறிஞ்சினால், அந்த மோட்டார் தண்ணீரோடு மண்ணடிச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். தண்ணீர் திறந்த முதல் பத்து நிமிடம் கலங்கலாகவும் நாற்றத்துடனும் வருவதற்கு இதுதான் காரணம். அதைக் கீழே விட்டுவிட்டுக் குடம் வைப்பது நம் பெண்கள் பட்டறிவால் கற்றது. ஆனால் கண்ணுக்குத் தெளிந்த நீரிலும் வைரஸ் இருக்கும்.

ஊராட்சிகளில் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரிடம் சிறிய சோதனைப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். கண்ணாடிக் குழலில் தண்ணீரைப் பிடித்து இரண்டு மூன்று சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாக மாறும். பக்கத்தில் இருக்கும் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்லலாம். தொட்டிக்கு அடியில் பிடித்த தண்ணீரைச் சோதிப்பதில் பயனில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சமிருக்க வேண்டும். தண்ணீர் மஞ்சளாகவில்லை என்றால், பிளீச்சிங் பவுடர் போடவில்லை, அல்லது வாய் திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் எல்லாம் பறந்துபோன பவுடரைப் போட்டிருக்கிறார்கள், அல்லது வழியில் எங்கோ சாக்கடை கலந்து குளோரினைத் தின்றுவிட்டது. ஊர்க்கூட்டத்தில் இந்தக் குழலைக் காட்டச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது எளியது. குமிழி பொங்கக் கொதித்த பின் இன்னும் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். மூடிய பாத்திரத்தில் தானாக ஆறட்டும். கல்யாண மண்டபங்களிலும் உணவகங்களிலும் வெந்நீர் என்று கொடுப்பதைக் கவனியுங்கள்: கொதித்த நீரில் பாதிக்குப் பாதி பச்சைத்தண்ணீர் விட்டு வெதுவெதுப்பாக்கி ஊற்றுகிறார்கள். அது பச்சைத்தண்ணீரே. பழச்சாற்றுக் கடைப் பனிக்கட்டி, பானிபூரித் தண்ணீர், கழுவாத கொத்தமல்லி ஆகியவையும் அந்த வகைதான். ஏ வைரஸுக்குத் தடுப்பூசி உண்டு. தனியார் மருத்துவர்களிடம் கிடைக்கிறது. முன்பெல்லாம் நாம் ஐந்து வயதுக்குள் இந்த வைரஸைச் சந்தித்து, அறிகுறியே இல்லாமல் கடந்துவிடுவோம். சுகாதாரம் மேம்பட்ட வீடுகளில் வளரும் பிள்ளைகள் அதைச் சந்திக்காமலே பெரியவர்களாகி, கல்லூரி விடுதியிலோ வேலைக்குப் போன ஊரிலோ முதல்முறை சந்திக்கிறார்கள். வயது ஏற ஏற இந்த நோய் கடுமையாகும். தடுப்பூசியின் தேவை இப்போதுதான் கூடியிருக்கிறது.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற காமாலை. இனி தெரியாதது.

பரூக் புளூம்பெர்க் வைரஸைத் தேடிப் போகவில்லை. மனிதருக்கு மனிதர் இரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் இரத்தமும், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து மெல்லிய கோடு ஒன்றை உண்டாக்கின. அந்தப் புரதத்துக்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயரிட்டார். அது என்னவென்று உடனே விளங்கவில்லை. 1967 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணுக்கு உடல் சரியில்லை. அந்தப் பெண் தன் இரத்தத்தையே எடுத்து அந்தப் புரதத்துக்கான சோதனையை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வெளிறிய கோடு ஒன்று தெரிந்தது. அதற்குப் பிறகே அவருக்குக் காமாலை வெளிப்பட்டது. கோடு முதலில் வந்தது, மஞ்சள் பின்னால் வந்தது. அந்தப் புரதம் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை. இரத்தச் சோதனையால் ஹெபடைடிஸ் பி கண்டறியப்பட்ட முதல் ஆள் அவர்தான். அவர் நலமடைந்தார்.

அவர் நலமடைந்ததில் வியப்பில்லை. வளர்ந்தவருக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆறு மாதத்தில் அதை விரட்டிவிடுகிறார்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் கணக்கு தலைகீழ்: பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடலில் அது நிலையாகத் தங்கிவிடுகிறது. அந்தக் குழந்தையின் நோய் எதிர்ப்பு அமைப்பு இன்னும் தன்னையும் அயலையும் பிரித்தறியப் பழகவில்லை. வைரஸை அது எதிர்ப்பதில்லை. எதிர்க்காததால் அழற்சி இல்லை. அழற்சி இல்லாததால் மஞ்சளும் இல்லை. குழந்தை கொழுகொழுவென்று வளரும், பள்ளி செல்லும், திருமணம் செய்துகொள்ளும். முப்பது, நாற்பது வயதில் வயிறு வீங்கி மருத்துவமனைக்கு வரும்போது ஈரல் சுருங்கியிருக்கும், அல்லது புற்றுநோய் கண்டிருக்கும். குடிக்காத மனிதருக்கு ஈரல் எப்படிக் கெட்டது என்று உறவினர்கள் கேட்பார்கள். அவர் பிறந்த அன்றைக்கு நடந்தது அது.

அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி ஊசி அவ்வளவு பெறுமானமுள்ளது. பிறகு 6, 10, 14ஆவது வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிக்குள் அதுவும் இருக்கிறது. இந்தியாவில் அந்த ஊசி 2011 டிசம்பரில் முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும்தான். ஆனால் பிரசவ வார்டில் போட வேண்டிய முதல் ஊசிக்கு மாற்று இல்லை. சில இடங்களில் அது தவறிப்போகிறது. காரணம் சிறியது: குப்பியில் பத்து டோஸ் இருக்கும், ஞாயிறு இரவில் பிறந்த ஒரே குழந்தைக்காக அதைத் திறந்தால் மீதி வீணாகிவிடும் என்று நினைக்கிறார்கள். வீணாகாது. முறையாகக் குளிரில் வைத்திருந்தால் திறந்த குப்பியை 28 நாள்வரை பயன்படுத்த அரசு விதி அனுமதிக்கிறது. பிள்ளை பெற்றவளின் பக்கத்தில் இருக்கும் அம்மாவோ அத்தையோ, "மஞ்சள் காமாலை ஊசி போட்டாயிற்றா?" என்று நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். தாய்க்கே வைரஸ் இருப்பது கர்ப்ப காலச் சோதனையில் தெரிந்துவிட்டால், குழந்தைக்கு ஊசியோடு சேர்த்து, இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் புரதமும் கொடுப்பார்கள். வைரஸ் அளவு அதிகமிருந்தால் தாய்க்குக் கடைசி மாதங்களில் மாத்திரை உண்டு. அந்தத் தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

இந்தத் தடுப்பூசியின் பலனைத் தைவானில் பார்த்தார்கள். 1984இல் அங்கே குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். பத்தாண்டுகளில் 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஊசி போட்டுப் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்று மனித குலம் முதன்முதலில் கண்டது அப்போதுதான். இந்தியாவில் அது வெகுகாலம் வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த மருந்து. பொறியாளரான வரபிரசாத் ரெட்டி ஹைதராபாத்தில் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் உள்நாட்டிலேயே தயாரித்து விற்கத் தொடங்கிய பிறகுதான் விலை இறங்கியது. நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்க 2011 ஆகிவிட்டது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டதே இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர்; சி உள்ளவர்கள் 55 லட்சம் பேர். உலகம் முழுவதும் பி வைரஸைச் சுமப்பவர்களில் தனக்கு அது இருக்கிறது என்று அறிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர் மட்டும்.

அந்தப் பதின்மூன்று பேரும் எப்படி அறிகிறார்கள்? பெரும்பாலும் தற்செயலாக. வளைகுடா நாட்டு வேலைக்கு நிலத்தை அடகுவைத்துப் பணம் கட்டிய இளைஞனுக்கு, மருத்துவச் சோதனை முடிவில் 'அன்ஃபிட்' என்று ஒரு தாள் வருகிறது. என்னவென்று கேட்டால் "மஞ்சள் காமாலை" என்கிறார்கள். கண்ணாடியில் கண்ணைப் பார்த்துக்கொள்கிறான்; வெள்ளையாக இருக்கிறது. ஊருக்குத் திரும்பி மூன்று மாதம் கீழாநெல்லி சாப்பிட்டுவிட்டு மறுபடி சோதிக்கிறான். மறுபடியும் அதே தாள். யாரும் அவனுக்கு விளக்குவதில்லை. வீட்டில் தட்டும் டம்ளரும் தனியாகின்றன, பெண் பார்த்த வீட்டார் விலகுகிறார்கள். இப்படி நொறுங்கிப்போன பிள்ளைகளை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

அவனுக்குச் சொல்ல வேண்டியது இது. ஒரே தட்டில் சாப்பிடுவதால், கட்டித் தழுவுவதால், ஒரே குளியலறையைப் பயன்படுத்துவதால், கொசு கடிப்பதால் பி பரவாது. சவர பிளேடு, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றை மட்டும் பகிரக் கூடாது. காய்ந்த இரத்தத் துளியிலும் இந்த வைரஸ் ஏழு நாள்வரை உயிர்ப்போடு இருக்கும். திருமணம் செய்துகொள்ளலாம், துணைவருக்கு முன்கூட்டியே மூன்று ஊசி போட்டுவிட்டால் பயமில்லை. எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. வைரஸின் அளவு, ஈரல் நொதிகள், ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். தேவைப்பட்டால் நாளுக்கு ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. அது வைரஸை அடியோடு அழிக்காது, அடக்கி வைக்கும். நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு எழும். மருந்து தேவைப்படாதவர்களும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சோதனையைத் தொடர வேண்டும்.

இரத்தவழி வைரஸ்களை நாமே கைப்படப் பரப்பியதும் உண்டு. 2009இல் குஜராத்தின் சாபர்காந்தா மாவட்டத்தில், மோடாசா பகுதியில், ஹெபடைடிஸ் பி வெடித்துக் கிளம்பியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரித்தபோது, ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்கும் போட்டது வெளிவந்தது. இதைவிடப் பெரியது எகிப்தின் கதை. நைல் கரை உழவர்களை வாட்டிய பில்ஹார்சியா என்ற புழுநோயை ஒழிக்க, 1950கள் தொடங்கி 80கள்வரை அரசே ஊர் ஊராகப் போய் ஊசி போட்டது. கண்ணாடிச் சிரிஞ்சுகள், சரியாகக் கொதிக்கவைக்காமல் ஒருவர் மாற்றி ஒருவருக்கு. ஒவ்வொருவருக்கும் பலமுறை குத்தினார்கள். புழுவுக்கு மருந்து கொடுத்தவர்கள் அறியாமலே ஹெபடைடிஸ் சி வைரஸை ஒரு தலைமுறைக்கே ஏற்றிவிட்டார்கள். அந்த வைரஸ் உலகில் இருப்பது தெரிந்ததே 1989இல்தான். எகிப்து உலகிலேயே அதிக ஹெபடைடிஸ் சி உள்ள நாடானது.

அதே எகிப்துதான் வழியும் காட்டியது. 2018 அக்டோபரில் தொடங்கி ஏழே மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு விரல் நுனியில் குத்திச் சோதித்தார்கள். நோய் இருந்தவர்களுக்கு அரசே மாத்திரை கொடுத்தது. அதற்கு ஒரு துணை அமைந்தது: 2013இல் வந்த சோஃபோஸ்புவிர். அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர் என்ற விலைக்கு வந்த மருந்து அது. 2014இல் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றன; அவை தயாரிக்கத் தொடங்கியதும் விலை பல மடங்கு வீழ்ந்தது. சி வைரஸுக்குத் தடுப்பூசி இன்றும் இல்லை. ஆனால் 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறார்கள். நாட்பட்டு உடலில் தங்கும் ஒரு வைரஸை மாத்திரையால் அடியோடு ஒழிப்பது மருத்துவத்துக்கே புதிது.

காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் "ஒரு ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர்" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. மாத்திரையில் தீர்வதற்கு ஊசி வேண்டாம். ஊசி தேவை என்றால், உறையைக் கண்முன் பிரிக்கச் சொல்லலாம். சலூனில் புதிய பிளேடை மாட்டச் சொல்லலாம். காதுகுத்துக்கும் பச்சை குத்துவதற்கும் அப்படியே.

இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று, அதாவது புளூம்பெர்க் பிறந்த நாளில், தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதன்படி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பி, சி இரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசம். 2001ஆம் ஆண்டுவாக்கில்தான் இங்கே தானமாகப் பெறும் இரத்தத்தில் சி வைரஸைச் சோதிப்பது கட்டாயமானது. அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், வீட்டில் யாருக்காவது பி இருப்பவர்கள், ஈரல் புற்றுநோயில் ஒருவரை இழந்த குடும்பத்தார், பச்சை குத்திக்கொண்டவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற பெரியவர்களும் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது. விரலில் ஒரு குத்து. சிறு அட்டையில் ஒரு சொட்டு இரத்தம். இருபது நிமிடத்துக்குள் கோடு தெரியும் அல்லது தெரியாது.

நான் என் நாற்பத்து மூன்றாவது வயதில்தான் போனேன். சிரட்டையில் சோறு அலசிய அப்பத்தா அப்போது இல்லை. ஏ வைரஸுக்கான எதிர்ப்புப் புரதம் என் இரத்தத்தில் இருந்தது. பி இல்லை, சி இல்லை. பி-க்கான எதிர்ப்பாற்றலும் இல்லை. செவிலியர் முதல் ஊசியைத் தோளில் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது ஊசிக்குப் போனபோது மனைவியையும் தம்பியையும் கூட்டிப்போனேன்.